மூளையில் விழுந்த அடி... யார் மேல் விழும் பழி?

2025 ஜூலை 28, திங்கட்கிழமை மாலை. நியூயார்க் நகரின் பார்க் அவென்யூவில் இருக்கும் 44 மாடிக் கட்டடத்தில், வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். காரிலிருந்து இறங்கிய 27 வயது இளைஞர் ஒருவர் நீளமான துப்பாக்கியுடன் உள்ளே நுழைந்தார். சில நிமிடங்களில் நான்கு உயிர்கள் போயின. ஒரு போலீஸ்காரர், கட்டடத்தின் காவலாளி, அங்கே அலுவலகங்களில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். கடைசியில் அந்த இளைஞர் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

அமெரிக்கக் கால்பந்தை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பின் தலைமை அலுவலகம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அவர் தேடி வந்தது அதைத்தான். ஆனால், ஏறிய லிஃப்ட் மாறிப்போனதால் 33-வது மாடியில், கால்பந்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நிறுவனத்துக்குள் போய் நின்றார். என்.எஃப்.எல். ஊழியர் ஒருவர் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். இறந்த நால்வரில் ஒருவர்கூட அந்த அமைப்பைச் சேர்ந்தவர் இல்லை.

இறந்த போலீஸ்காரர் திதாருல் இஸ்லாம். வயது 36. வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்து, நியூயார்க் போலீஸில் சேர்ந்து மூன்றரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வீட்டில் இரண்டு பிள்ளைகள், நிறைமாத கர்ப்பிணியான மனைவி. இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கான போலீஸார் தெருவில் அணிவகுத்து நின்றார்கள். அடுத்த மாதமே மூன்றாவது குழந்தை பிறந்தது.

கொன்றவரின் பெயர் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. இங்கே அது தேவையில்லை. ஆனால், அவருடைய பர்ஸில் இருந்த மூன்று பக்கக் கடிதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். தனக்கு சி.டி.இ. என்ற மூளை நோய் இருப்பதாகவும், அதன் ஆபத்தை என்.எஃப்.எல். மறைத்துவிட்டதாகவும், தன் மூளையை ஆராய்ந்து பார்க்கும்படியும் அதில் எழுதியிருந்தார். இத்தனைக்கும் அவர் என்.எஃப்.எல்.லில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. பள்ளிக்கூட அணியில் ஆடியதோடு சரி.

இரண்டாகப் பிரிந்த பேச்சு

கடிதம் வெளிவந்த உடனே அமெரிக்காவில் பேச்சு திசை மாறியது. 'நாலு பேரைக் கொன்றவனுக்கு நோய் என்று சாக்கு தேடாதீர்கள்' என்றது ஒரு தரப்பு. 'தலையில் அடிபடும் விளையாட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காசு பார்க்கிறவர்களை யார் கேட்பது?' என்றது இன்னொரு தரப்பு. 'மூளை கிடக்கட்டும், மனநலச் சிக்கல் இருந்தவர் கைக்கு அப்படியொரு துப்பாக்கி எப்படி வந்தது?' என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் எழுந்தது. உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

செப்டம்பர் 26 அன்று நியூயார்க் நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் முடிவைச் சொன்னது. அவர் மூளையில் சி.டி.இ. இருந்தது உண்மை; ஆனால் அது குறைந்த நிலையிலேயே இருந்தது. இந்த நோய் உடலிலும் மனதிலும் என்னென்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்றும் அந்த அலுவலகம் சேர்த்துச் சொன்னது. இந்த வரியை எடுத்துக்காட்டிய என்.எஃப்.எல்., நடந்த கொடூரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது என்றது.

'அப்போ அவர் சொன்னது சரிதானே' என்று பலரும் முடிச்சுப் போட்டார்கள். நோய் இருந்தது என்பது ஒரு விஷயம். நோய்தான் கொலை செய்ய வைத்தது என்பது வேறு விஷயம். முதலாவதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். இரண்டாவதைக் காட்டும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

சிக்கிய பாவு

சி.டி.இ. என்றால் என்ன? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பாவு இழைகள் தனித்தனியாக, இழுப்போடு இருந்தால்தான் நாடா ஓடும். இழைகள் தளர்ந்து ஒன்றோடொன்று சிக்கினால் நெசவு நின்றுவிடும். மூளையின் நரம்புச் செல்லுக்குள்ளும் நுண்ணிய குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது டவ் என்ற புரதம். தலை திரும்பத் திரும்பக் குலுங்கும்போது அந்தப் புரதம் பிரிந்து, திரண்டு, சிக்கலாகிறது. வருடங்கள் போகப் போக அது பரவுகிறது. மறதி, எரிச்சல், மனச்சோர்வு, சட்டென்று பொங்கும் கோபம் என்று பல தொல்லைகளை இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

தறியில் சிக்கலைக் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். மூளையில் அப்படி முடியாது. உயிரோடு இருப்பவருக்கு சி.டி.இ. இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை வழி இல்லை. இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மயக்கம் போட்டு விழவைக்கும் ஒரு பெரிய அடி மட்டும் காரணமில்லை. விழவைக்காத சின்னச் சின்ன அடிகள், வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்வதுதான் ஆபத்து. குத்துச்சண்டை வீரர்களிடம் இதை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்தபோது, நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் இதைக் கண்டுபிடித்தார். இந்தக் கதைதான் வில் ஸ்மித் நடிப்பில் 2015-ல் 'கன்கஷன்' படமாக வந்தது.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளைச் சோதித்தார்கள். 110 பேருக்கு நோய் இருந்தது. எண்ணைக் கேட்டதும் தூக்கிவாரிப் போடும். ஆனால், ஏற்கெனவே தொல்லைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுக்கின்றன. அதனால் ஆடிய எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 2023-ல், 30 வயதுக்குள் இறந்த 152 பேரின் மூளைகளைப் பார்த்ததில் 63 பேருக்கு இருந்தது. அதில் பலர் பள்ளி, கல்லூரியைத் தாண்டி ஆடாதவர்கள்.

என்.எஃப்.எல்.லில் ஆடிய ஃபிலிப் ஆடம்ஸ் 2021 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயம் வரும்தான். ஆனால், இந்த நோயோடு வாழ்ந்து, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் போய்ச் சேர்ந்தவர்களே அதிகம். அந்தக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு எப்படி வலித்திருக்கும்?

இன்னொரு ஆய்வும் கவனிக்க வேண்டியது. 2024-ல் சுமார் 2,000 முன்னாள் வீரர்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒருவர் தனக்கு சி.டி.இ. இருப்பதாக நம்பினார். அப்படி நம்பியவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நோய் உண்டா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால், மனச்சோர்வு, தூக்கமின்மை, தலைவலிக்கெல்லாம் சிகிச்சை உண்டு. 'எல்லாம் முடிந்தது' என்று நினைப்பவர் அந்தச் சிகிச்சைக்கே போவதில்லை.

நம்ம ஊரில்?

காஞ்சிபுரத்தில் அமெரிக்கக் கால்பந்து இல்லை. ஆனால் கபடி உண்டு, சிலம்பம் உண்டு, தெருவுக்குத் தெரு கிரிக்கெட் உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை 'சார்பட்டா' படம் வழியாக எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 1980-ல் முகமது அலியே சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டிக்காகக் கையுறை மாட்டினார். நான்கே வருடத்தில் அவருக்கு பார்க்கின்சன்ஸ் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வாங்கிய குத்துகள்தான் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கிரிக்கெட்டில் தலையடியின் கதை நமக்குப் பழையது. 1962-ல் பார்படாஸில் பந்து பட்டு இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. அவருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணி கேப்டன் ஃபிராங்க் வொரலும் ஒருவர். 1998-ல் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஃபீல்டிங் நின்ற ராமன் லம்பா தலையில் அடிபட்டு மூன்றாவது நாள் இறந்துபோனார்.

2020 டிசம்பரில் கான்பெராவில் நம்ம சேலம் நடராஜன் முதல் டி20 ஆடிய மேட்ச் பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவருக்குப் பதிலாக இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். மாற்று ஆள் இறங்கியது நியாயமா என்றுதான் அன்றைக்குச் சண்டை போட்டார்கள். ஜடேஜாவின் தலை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

சர்வதேச ஆட்டத்தில் டாக்டர் ஓடிவருவார், மாற்று ஆளும் உண்டு. திருவிழா நேரத்து ராத்திரிக் கபடியில் எதிராளியின் முழங்கால் நெற்றியில் இடித்தால் என்ன நடக்கும்? முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எழுந்திரு" என்று முதுகில் தட்டி மறுபடி கோட்டுக்குள் அனுப்புவார்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் மோசம். தலையில் அடிபட்டு ஆள் குழம்பினாலோ, தள்ளாடினாலோ, என்ன ஸ்கோர் என்று மறந்தாலோ அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. மறுநாள் தறியில் உட்கார்ந்து ஜரிகை இழை எண்ணுவதும், போனை நோண்டுவதும் ஓரிரு நாள் தள்ளிப்போகட்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் முழிக்காமல் தூங்கினாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எப்போதோ ஒருமுறை தலையில் அடிபட்ட பிள்ளைக்கு சி.டி.இ. வந்துவிடுமோ என்று தூக்கம் கெடத் தேவையில்லை. விளையாடி ஓய்ந்த வீட்டு ஆள் கொஞ்ச மாதமாகச் சிடுசிடுப்பதும், தூங்காமல் உட்கார்ந்திருப்பதும், 'செத்துப்போகலாம்போல இருக்கு' என்பதும் கண்ணில் பட்டால், காரணம் மூளையா மனசா என்று வீட்டிலேயே தீர்ப்பெழுத வேண்டாம். டெலி மானஸ் எண் 14416. இலவசம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.