கடலடிப் பாறைகளின் உராய்வும் கரையோர மக்களின் உயிரும்

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவிலான பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது, எமது கரையோர மக்கள் வீடுவாசல்களை விட்டு மேட்டு நிலங்களை நோக்கி விரைந்தனர். ஆனால், பேரலை வரவில்லை. இத்தகைய அனுபவத்தின் பின்னர் அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யும் மனப்போக்கு எழுவது இயல்பே. அது எத்துணை ஆபத்தானது என்பதை உணர, கடலடியில் நிகழ்வதை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் வீதம் அமிழ்ந்து செல்கின்றது. இரண்டும் சந்திக்கும் பிளவில் பாறைகளின் உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றது. தட்டுகளின் நகர்வோ நிற்பதில்லை. எனவே மேல்தட்டின் விளிம்பு வளைந்து, பல நூற்றாண்டுகளாக விசை சேர்கின்றது. உராய்வை அவ்விசை விஞ்சும் கணத்தில் விளிம்பு மேலெழுந்து கடல்நீரையும் உயர்த்துகின்றது. 2004 டிசம்பர் 26இல் நிகழ்ந்தது இதுவே. இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. 2012இலோ பாறைகள் பக்கவாட்டிலேயே நழுவின. கடற்தரை பெரிதாக உயராமையால் நாம் தப்பினோம்.

கனமான அலுமாரியைத் தள்ளும்போது அசைப்பதுதான் கடினம். அசைந்த பின்னர் அது இலகுவாக நகரும். சில பாறைகளும் அவ்வாறே, நழுவும் வேகம் கூடக்கூட உராய்வை இழக்கின்றன. வேறு சிலவற்றில் வேகம் கூடும்போது உராய்வும் கூடுவதால் நழுவல் தானாகவே தணிகின்றது. ஆழ்கடல் அகழியை அண்டிய, களிமண் நிறைந்த மேற்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது என்றே விஞ்ஞானிகள் நீண்டகாலம் கருதினர்.

2011 மார்ச் 11இல் ஜப்பானில் அந்த நம்பிக்கை தகர்ந்தது. அகழியை அண்டிய பகுதியே ஏறத்தாழ 50 மீற்றர் நழுவியது. மறு ஆண்டு, 'சிக்கியூ' என்ற ஆய்வுக் கப்பல் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஆழத்திலுள்ள கடற்தரையை 800 மீற்றருக்கும் மேல் துளைத்தது. அங்கு கிடைத்தது ஐந்து மீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள வழுவழுப்பான களிமண் படையாகும். வேகமாக நழுவும்போது அதன் உராய்வு மிகவும் குறைந்துவிடுவதை ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டின.

ஜப்பானிய நிபுணர்களையே திகைக்கவைத்த களிமண் படை அது. இந்நிலையில், அதிர்ச்சி ஏற்பட்ட முதல் நிமிடங்களில், கடலடியில் எவ்வளவு நழுவியது என எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆகவே பேரலை வராத எச்சரிக்கையைப் பொய்யென எள்ளுவது பேதமையாகும். சுமாத்திராவிலிருந்து எமது கிழக்குக் கரையை அலை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் உண்டு. 2004இல் அந்த அவகாசம் எமக்குப் பயன்படவில்லை. இனியும் அதனை வீணாக்குவோமாயின், பழியை இயற்கையின் மீது மாத்திரம் சுமத்த முடியாது.