குந்தவையின் தந்தைவழியும் தாய்வழியும்

முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை பிராட்டியாரின் தந்தைவழியை அறியப் பெரிதும் உதவுவது திருவாலங்காட்டுச் செப்பேடு. முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக அளிக்கப்பட்டதை 31 ஏடுகளில் அது பதிவு செய்கிறது. கொடை விவரம் தமிழ்ப் பகுதியில் உள்ளது. சோழர் மரபுவரிசை 271 சுலோகங்கள் கொண்ட வடமொழிப் பகுதியில் உள்ளது, இயற்றியவர் நாராயணர்.

கதிரவன், மனு, சிபி எனத் தொடங்கும் முற்பகுதி குலப்பெருமை கூறும் புராணம். தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயனிலிருந்து வரும் பெயர்களுக்குப் பிற கல்வெட்டுகளும் சான்று தருவதால், அங்கிருந்தே வரலாறு உறுதிப்படுகிறது. விசயாலயன் மகன் முதலாம் ஆதித்தன். அவன் மகன் முதலாம் பராந்தகன். அவன் மகன் அரிஞ்சயன். அவன் மகன் சுந்தர சோழன். இச்சுந்தர சோழனே குந்தவையின் தந்தை.

பெண்வழியைத் தேடுவது கடினம். அரசனிடமிருந்து அவன் மகனுக்கு நகரும் இவ்வரிசையில் அரசியர் சிலரே இடம்பெறுகின்றனர். குந்தவையின் தாய் வானவன் மாதேவி கணவனுடன் உயிர்நீத்ததை இச்செப்பேடு கூறுகிறது. அவர் மலையமான் குலத்தவர் என்பதற்குத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டையே நாட வேண்டும். தந்தையைப் பெற்ற பாட்டி கல்யாணி வைதும்பர் குல இளவரசி; இதை அன்பில் செப்பேடு தெரிவிக்கிறது. வைதும்பர் இன்றைய ஆந்திரப் பகுதியில் ஆண்டவர்கள்.

பெற்றோர் இருவருக்கும் குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலில் செப்புத் திருமேனிகள் எடுப்பித்தார். அக்கோயில் கல்வெட்டு தாயையும் தந்தையோடு சேர்த்தே குறிக்கிறது.