குடைக்கம்பியால் நூறு குத்து

எங்கள் அடுக்ககத்துச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் சாயம் ஏறிவிட்டது. பெங்களூரில் நிறையச் சுவர்களுக்கு இந்தச் சிவப்புப் பாவாடை உண்டு.

"இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நின்னுச்சா மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

தண்ணீர் நிற்கவில்லை, தெறித்தது. 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 9 மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டர்! சாயங்கால நேரத்தில் சில்க் போர்டு சந்திப்பில் எந்த ஆட்டோவும் அவ்வளவு வேகம் போனதை நான் பார்த்ததில்லை. அந்த வேகத்தில் வெறும் மண்ணில் விழும் துளி, மண்துகளையும் கிளப்பிக்கொண்டு நாலாபக்கமும் சிதறும். பக்கத்தில் சுவர் இருந்தால் சுவரில் ஒட்டும். சரிவான நிலமாக இருந்தால் பெயர்ந்த மண் ஓடும் நீரோடு போய்விடும்.

அவள் சுவரோரமாகவே நடந்து போனாள். பின்பக்கம் ஹொங்கே மரத்தடியில் நின்றுவிட்டாள். ஹொங்கே என்றால் நம் புங்கைதான், இங்கே கன்னடப் பெயர்தான் அவளுக்குப் பழக்கம். அங்கே மட்டும் சுவர் அடிவரை வெள்ளையாக இருந்தது. காரணம் காலுக்குக் கீழேயே கிடந்தது: சருகு. யாரும் பெருக்காத மூலை அது. மேலே விழும் துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்கு அடி படுவதில்லை. நம் விவசாயிகள் செடியைச் சுற்றி வைக்கோலும் தழையும் பரப்பி 'மூடாக்கு' போடுவதும் மண்ணின் ஈரத்தையும் மண்ணையும் காப்பாற்றத்தான்.

சரி, அந்த மூலையில் எவ்வளவு சருகு இருக்கிறது? அவள் 'முக்கால்வாசி' என்றாள். எனக்குப் பாதிதான் தெரிந்தது. காவலாளி அண்ணன் எட்டிப் பார்த்து 'பூராவும் குப்பைதான்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்று பேர், மூன்று விடை. கண்ணை நம்பினால் இப்படித்தான்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நியூசிலாந்தில் புல்வெளிகளை ஆராய்ந்த லெவியும் மேடனும் 1933-இல் எழுதிவைத்த வழி. மெல்லிய ஊசியை நேராகக் கீழே இறக்கு. முனை எதைத் தொடுகிறது என்று எழுது. சருகா, உயிருள்ள செடியா, கல்லா, வெறும் மண்ணா? அவ்வளவுதான். நூறு முறை இறக்கியதில் 64 முறை சருகைத் தொட்டால், சருகுப் பரப்பு 64 சதவீதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானை சரியாகக் கலக்காத பானை, அதனால் நூறு சோறாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஊசியோடு மலையேறியவர் ஆஸ்திரேலியாவின் மெய்சி ஃபாசெட். விக்டோரியா மாநிலத்தில் போகாங் மேட்டுநிலம் என்று ஓர் இடம். பனி கொட்டும் உயரம். மரங்கள் குட்டையாகிக் குறைந்துபோய், புதர்களும் புல்லும் ஆளும் நிலம். கோடைக்காலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை அங்கே மேய ஓட்டிவந்தார்கள். மாடு மேய்வதால் மண் கரைகிறதா இல்லையா என்று சண்டை. கீழே நீர்மின் திட்டத்துக்கு அணை கட்ட வேண்டும், அணைக்குள் மண் வந்து நிரம்பினால் என்ன ஆவது? ஃபாசெட் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1945-இல் ஒரு துண்டு நிலத்துக்கு மாடு நுழையாதபடி வேலி போடவைத்தார். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஊசி இறக்கி எண்ணினார். மெல்பர்ன் பல்கலைக்கழக மாணவர்களும் துணைக்கு வந்தார்கள். ஒரு வருடத்தில் முடிகிற வேலை இல்லை. திரும்பத் திரும்ப அதே நிலம், அதே எண்ணிக்கை. வேலிக்குள் புல்லும் பூச்செடிகளும் மீண்டு வந்தன. வெளியே திட்டுத்திட்டாக வெறும் மண் தெரிந்துகொண்டே இருந்தது. அந்தத் துண்டுகளை விஞ்ஞானிகள் இந்த நூற்றாண்டிலும் அளந்திருக்கிறார்கள்.

நாங்கள் ஊசிக்குப் பதில் உடைந்த குடையின் கம்பியை எடுத்துக்கொண்டோம். முனை மெல்லியதாக இருப்பது ரொம்ப முக்கியம். விரலால் தொட்டுப் பாருங்கள்: விரல் தடிமனாக இருப்பதால் பக்கத்துச் சருகின் ஓரமும் அதில் படும், உடனே 'சருகு' என்று எழுதிவிடுவீர்கள். தடித்த முனை எப்போதும் கூடுதலாகத்தான் கணக்குக் காட்டும். 10 மீட்டர் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு மைப்புள்ளி வைத்தால் நூறு புள்ளி. புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் குத்த வேண்டும். நல்ல சருகாகத் தேடிக் குத்தினால் அது கள்ள ஆட்டம். சருகுக்குள் கை விடக் கூடாது, காலில் ஷூ வேண்டும், பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். கண்ணாடிவிரியனுக்கும் சருகு பிடிக்கும்.

எங்களுக்கு வந்த எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் 'மார்ச்' என்றும் எழுதச் சொன்னேன். எதற்கு என்றாள். ஃபாசெட் எண்ணிய பனிமலையில் குளிரால் சருகு மக்க வருடக்கணக்கில் ஆகும். இங்கே புங்கை பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும். மழை பிடித்ததும் கறையானும் மண்புழுவும் பூஞ்சையும் வேலையைத் தொடங்கிவிடும். மார்ச் எண்ணையும் செப்டம்பர் எண்ணையும் ஒப்பிட்டு 'ஐயோ, நிலம் கெட்டுவிட்டது' என்று அழுதால் சிரிப்பார்கள். அதிகச் சருகு என்றால் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. முதுமலை மாதிரி வறண்ட காடுகளில் கோடையில் தீ தரையோடு பரவுவது காய்ந்த புல்லையும் சருகையும் பிடித்துக்கொண்டுதான். அந்தந்த வகை நிலம் நலமாக இருக்கும்போது எவ்வளவு சருகு கிடக்கும் என்று தெரிந்தால்தான் நம் கையிலுள்ள எண்ணுக்குப் பொருள் வரும்.

யுகாதிக்கு இரண்டு நாள் முன்பு அடுக்ககம் முழுக்கச் சுத்தம் செய்தார்கள். ஹொங்கே மூலையும் பளிச்சென்று ஆனது. அவள் கம்பியோடு ஓடினாள். நூறு குத்தில் பெரும்பாலும் வெறும் மண். அதையும் எழுதிவைத்தாள்.

ஏப்ரலில் மாங்காய் மழை வந்தது, ஒரே ஒரு மணி நேரம். விட்டதும் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனோம். வெள்ளைச் சுவரில் அவள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை புள்ளிபுள்ளியாகச் சிவப்பு. அவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.