பாக்கெட் ரேடியோ இப்போதும் வேண்டுமா?

'பாக்கெட் ரேடியோ' என்றதும், தாத்தா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை கேட்பாரே, அந்தக் குட்டி ரேடியோ என்று நினைத்துவிட்டீர்களா? அதுதான் இல்லை!

இது பால் பாக்கெட் மாதிரி. பெரிய தொட்டியில் இருக்கும் பாலை அரை அரை லிட்டராகப் பிரித்து வீடு வீடாக அனுப்புகிறார்கள் அல்லவா? அதேபோல, கம்ப்யூட்டரில் டைப் செய்த செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து, வானொலி அலையில் அனுப்புவதுதான் பாக்கெட் ரேடியோ. இதற்கு இன்டர்நெட் வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்!

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹாம் ரேடியோ, ஓர் ஆன்டெனா. கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே 'டி.என்.சி.' என்ற சிறு பெட்டி. நீங்கள் டைப் செய்யும் எழுத்துகளை இந்தப் பெட்டி ஒலியாக மாற்றும். நம் காதுக்கு அது வெறும் 'கர்ர்ர்' சத்தம்தான்! மறுமுனையில் இருக்கும் பெட்டி அந்தச் சத்தத்தைத் திரும்ப எழுத்துகளாக மாற்றிவிடும்.

ஒரு பொட்டலத்தில் பொதுவாக 256 எழுத்துகள் வரை வைக்கலாம். தபால் உறையைப் போல, யார் அனுப்பியது, யாருக்குப் போக வேண்டும் என்ற விவரமும் அதில் இருக்கும். கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பொட்டலம் வந்ததும் கருவி கணக்குப் போட்டுப் பார்க்கும். எண் பொருந்தினால், 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்பும். பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடும். பதில் வராததால், அனுப்பிய கருவி மறுபடியும் அதையே அனுப்பும். என்ன பொறுமை பாருங்கள்!

எங்கே பிறந்தது?

கடல் சூழ்ந்த ஹவாய்த் தீவுகளில், 1971-ல் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு மற்ற இடங்களை வானொலி மூலம் இணைத்தார் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன். அதற்கு 'அலோஹாநெட்' என்று பெயர். இன்று நாம் பயன்படுத்தும் வைஃபைக்கும் அது முன்னோடி!

1978 மே 31-ம் தேதி, கனடாவின் மான்ட்ரியல் நகர ஹாம் நண்பர்கள் இந்த முறையில் செய்தி அனுப்பினார்கள். 1980-களில் இது பல நாடுகளுக்கும் பரவியது. ஊருக்கு ஊர் நிலையங்கள் செய்தியை வாங்கி வைத்து, அடுத்த ஊருக்குக் கைமாற்றின. பிறகு இன்டர்நெட் வந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆமையா, முயலா?

சந்தேகமே வேண்டாம், ஆமைதான்! பழைய பாக்கெட் ரேடியோவின் வழக்கமான வேகம் விநாடிக்கு 1200 பிட். ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 பிட் வேண்டும். 3 எம்.பி. போட்டோ ஒன்றை அனுப்பினால் எவ்வளவு நேரமாகும்? 2 கோடியே 40 லட்சம் பிட்டை 1200-ஆல் வகுத்துப் பாருங்கள். 20,000 விநாடி! அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல்.

ஆனால், 150 எழுத்துள்ள குறுஞ்செய்தி? அதே கணக்குப்படி ஒரே விநாடி! ஆபத்தில் இருப்பவர் அனுப்ப வேண்டியது போட்டோ அல்லவே. 'இங்கே 40 பேர் இருக்கிறோம், குடிநீர் வேண்டும்' என்ற ஒரு வரி போதுமே!

டவர் சாய்ந்தால்?

2004 டிசம்பரில், உலக ஹாம்களோடு பேசுவதற்காக பாரதி பிரசாத் என்ற பெண்மணி குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) சென்றிருந்தார். 26-ம் தேதி சுனாமி தாக்கியது. தொலைபேசிகள் செயலிழந்த நிலையில், அவர்களின் ரேடியோதான் செய்திகளைக் கொண்டு சேர்த்தது. அன்று அவர்கள் பேசித்தான் செய்தி சொன்னார்கள்.

ஆனால், 50 மருந்துகளின் பெயர்களைக் கரகரப்புக்கு நடுவே வாயால் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று தப்பாகக் காதில் விழுந்தாலும் ஆபத்து! அந்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து அனுப்பும் பாக்கெட் ரேடியோ கைகொடுக்கும். மின்சாரம் போனாலும் கார் பேட்டரியிலேயே இது ஓடும்.

சரி, வேண்டுமா, வேண்டாமா?

தினமும் தோழியோடு அரட்டை அடிக்க என்றால், வேண்டவே வேண்டாம்! அதற்குச் செல்போனே போதும். ஊருக்கு ஒருவர் மட்டும் இதை வைத்துக்கொள்வதிலும் பயனில்லை. இரண்டு கை தட்டினால்தானே ஓசை? பக்கத்து ஊரில் இன்னொரு நிலையம் வேண்டும். புயல் வரும் முன்பே இருவரும் பழகியிருக்கவும் வேண்டும். அப்படி நாலு பேர் சேர்ந்தால், நிச்சயம் வேண்டும்! இப்போது டி.என்.சி. பெட்டி கூடத் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் ரேடியோ இருக்கிறது. அது பாக்கெட் முறையில் இயங்கும் நேரங்களில், பூமியிலிருந்து போகும் பொட்டலத்தை வாங்கித் திருப்பி அனுப்பும்!

ஒன்றை மறக்காதீர்கள். உரிமம் இல்லாமல் ஹாம் ரேடியோவில் எதையும் அனுப்பக் கூடாது. இந்தியாவில் 12 வயது ஆனவர்கள் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். அதுவரை காகிதத்தில் விளையாடிப் பாருங்களேன்! ஒரு வாக்கியத்தை ஐந்து சீட்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணையும், அதில் எத்தனை எழுத்துகள் என்பதையும் எழுதி, வகுப்பில் கைமாற்றி அனுப்புங்கள். நடுவில் ஒரு சீட்டு தொலைந்தால், எது என்று நண்பன் கண்டுபிடித்து மறுபடியும் கேட்கிறானா? அப்படியானால் பாக்கெட் ரேடியோவின் முதல் பாடத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள், குட்டீஸ்!