சுண்டெலிக்கு சுகர் 200: சொல்லுங்க, நோயா?

ஒரு சுண்டெலியின் ரத்தத்தில் சர்க்கரை 200 மில்லிகிராம்னு மீட்டர் காட்டுது. அதுக்கு சர்க்கரை நோய்னு முடிவு பண்ணிடுவீங்களா? அவசரப்படாதீங்க. முதல்ல மூணு கேள்வி கேளுங்க.

என்ன சாப்பிட்டது, எப்போ? எலி ராத்திரி சாப்பிட்டுப் பகலில் தூங்கும் பிராணி. காலையில் அளந்தால் அது சாப்பிட்டு முடித்த அளவுதான். அதனால்தான் பல ஆய்வகங்களில் காலையில் தீவனத்தை எடுத்துவிட்டு, ஐந்தாறு மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். தினசரித் தீவனமும் முக்கியம். சி57பிஎல்/6 என்ற எலி வகைக்கு, 60% கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீவனத்தைச் சில மாதம் கொடுத்தால் போதும். எலி குண்டாகும், இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது.

என்ன மருந்து? மெட்ஃபார்மின் கொடுத்தால், கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அளவு இறங்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இதற்கு நேர் எதிர். கல்லீரலை இன்னும் தயாரிக்க வைக்கும், இன்சுலினையும் மந்தமாக்கும்.

என்ன தொற்று? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகுது. 2016-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிடோவ் குழு ஒரு சோதனை செய்தது. லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு குளுக்கோஸ் கொடுத்தபோது சாவு கூடியது. இன்ஃபுளுயன்சா வைரஸ் தொற்றிய எலிகளில் குளுக்கோஸைப் பயன்படுத்த விடாமல் தடுத்தபோது சாவு கூடியது. இதில் கவனிக்க வேண்டியது, குளுக்கோஸால் கிருமிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. கிருமி உண்டாக்கும் பாதிப்பை உடம்பு தாங்குமா இல்லையா என்பதுதான் மாறியது. அதாவது, ஒரு தொற்றில் காப்பாற்றிய அதே சர்க்கரை இன்னொன்றில் கொன்றது.

இதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தி, காய்ச்சலுக்குப் பட்டினி கிடக்கலாமான்னு நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் இந்த மூணும் தனித்தனி இல்லை என்பதை 2021-ல் நம்ம நாட்டிலேயே பார்த்தோம். கொரோனா தொற்று, அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு, ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோய் மூன்றும் பலரிடம் ஒன்றுசேர்ந்தன. கருப்புப் பூஞ்சை பரவ அது வழிவிட்டது.

அதனால அடுத்த முறை வீட்டில் யாராவது சுகர் ரிப்போர்ட்டை நீட்டினால், எண்ணை மட்டும் பார்க்காதீங்க. சாப்பிட்டாங்களா, என்ன மாத்திரை போடுறாங்க, காய்ச்சல் இருக்கான்னு கேளுங்க. டாக்டரிடம் போகும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்க.