கண்ணுக்கு எத்தனை லக்ஸ்?

உங்கள் வகுப்பில் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர்? நாளை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நகர, புறநகர்ப் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கண்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தது.

கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், கரும்பலகை மங்கும். பெரும்பாலும் இது லென்ஸின் குற்றமல்ல, விழிக்கோளத்தின் நீளம் செய்யும் வேலை. பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாகச் சுமார் 17 மி.மீ. நீளம். பெரியவர்களுக்குச் சுமார் 24 மி.மீ. அந்த வளர்ச்சி சரியான இடத்தில் நிற்க வேண்டும். 1 மி.மீ. கூடிவிட்டால்கூடப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். 'மைனஸ்' இரண்டரை, மூன்று பவரில் கண்ணாடி போட வேண்டியிருக்கும். நீண்ட விழி மறுபடி சுருங்குவதில்லை.

அப்படியானால் 'போதும், நிறுத்து' என்று விழிக்குச் சொல்வது யார்?

ஓயாமல் படிப்பதுதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு யோசிக்க வைத்தது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் வயது ஆறு, ஏழு. சிங்கப்பூரில் 100க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்குத்தான். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள் படித்த புத்தகங்களே அதிகம்! பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரம்.

ஒப்பீடு மட்டும் போதாதல்லவா? சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் நேரடியாகவே சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மூன்று ஆண்டுகள் கழித்து, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளி வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். முடிவு 2015இல் வெளியானது. மாத்திரையும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை.

வெளியில் அப்படி என்ன இருக்கிறது? இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஒரு பரப்பில் விழும் ஒளியை 'லக்ஸ்' என்ற அலகால் அளக்கிறோம். குழல்விளக்கு எரியும் வகுப்பறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் நல்ல வெளிச்சம் என்போம். நடுப்பகலில் மெரினா மணலில் ஒரு லட்சம் லக்ஸ்! நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு. ஆனால் நம் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. கண்பாவை 8 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ. வரை சுருங்கினாலும் பரப்பு 16 மடங்குதான் குறையும். மிச்சத்தை விழித்திரை தன் உணர்திறனைக் குறைத்துச் சமாளித்துக்கொள்கிறது. கண் அருமையான கருவிதான். ஆனால் ஒளிமானியாக அது சுத்த மோசம்.

பிரகாசமான ஒளியில் விழித்திரை டோப்பமின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது, அதுவே விழியின் நீட்சிக்குத் தடை போடுகிறது என்று கருதுகிறார்கள். கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு ஆதரவாக உள்ளன. வெளியில் தொலைவில் உள்ளவற்றைப் பார்ப்பதும் உதவலாம். விவாதம் இன்னும் முடியவில்லை.

"அதற்காகச் சென்னை வெயிலில் காயச் சொல்கிறீர்களா?" என்று அம்மா கேட்பார். வேண்டாம். தைவானில் நடந்த ஆய்வில் 1000 லக்ஸுக்கு மேற்பட்ட ஒளியே பயன் தந்தது. மர நிழலிலேயே அதைவிட அதிகம் கிடைக்கும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகர்க்காரர்களுக்குப் பனகல் பூங்கா, அடையாறு பக்கம் பெசன்ட் நகர்க் கடற்கரை. காலை எட்டு மணியும் மாலை நாலரை மணியும் நல்ல நேரம். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றி வைக்கவும் கூடாது.

தைவான் அரசு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க ஏற்பாடு செய்தது. நம் ஊரிலோ, பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் எடுத்துக்கொள்கிறோம். 'வெயிலில் கறுத்துவிடுவாய்' என்று பெண் பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் வீடுகளும் உண்டு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

பல கைபேசிகளில் ஒளியை உணரும் பாகம் இருக்கிறது. லக்ஸ் காட்டும் செயலியும் கிடைக்கிறது. பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, நீங்கள் படிக்கும் மேஜை, ஜன்னலோரம், மொட்டை மாடி, வேப்பமர நிழல் என்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளிலும் ஒருமுறை அளவுங்கள். அளப்பதற்கு முன் எந்த இடம் எத்தனை மடங்கு என்று கண்ணாலேயே ஊகித்து எழுதிவைத்தால் சுவாரசியம் கூடும்.