நடந்தால் மூளை வளருமா?

காலையில் வந்துபோனவர் பெயர் தாத்தாவுக்கு மாலையில் நினைவில்லை. தம் பள்ளி ஆசிரியர் பெயரோ மறக்கவில்லை. ஏன் தெரியுமா?

புதிய செய்திகளை நினைவில் பதிக்க உதவுவது மூளையின் உட்புறத்திலுள்ள 'ஹிப்போகேம்பஸ்' என்னும் பகுதி. கடற்குதிரைபோல் வளைந்திருப்பதால் இப்பெயர். முதுமையில் இது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது.

குறுக்கெழுத்துப் புதிர் போட்டால் போதாதா என்பீர்கள். அமெரிக்காவில் 2,800 முதியோரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுப் பயிற்சி பெற்றோர் நினைவில் மட்டுமே தேறினர். சிந்தனைப் பயிற்சி பெற்றோர் அதில் மட்டுமே தேறினர்.

நடைப்பயிற்சியின் கதை வேறு. 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவினர் அதன் பயனை வெளியிட்டனர். 55 முதல் 80 வயதுவரையான 120 பேரில் பாதிப்பேர் வாரம் மூன்று நாள், படிப்படியாகக் கூட்டி 40 நிமிடம், சற்று மூச்சு வாங்க நடந்தனர். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியை மேற்கொண்டனர். ஓராண்டுக்குப் பின் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நடந்தவர்களுக்கு அப்பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது! மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. நினைவுத் தேர்வில் இரு சாராருமே முன்னேறினர். ஆனால் நடந்தவர்களுள், அப்பகுதி கூடுதலாக வளர்ந்தவர்களின் நினைவே கூடுதலாகத் தேறியது.